சூடாறிய சோறும் சொல்லாத மீனும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் வாங்க வரும் வியாபாரி முதலில் தன் கையைத்தான் நம்புவார். குவியலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். ஒரு குடும்பத்தின் நாலைந்து மாத உழைப்புக்கு அந்தக் கடியில் விலை முடிவாகும். அந்தக் குவியல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன், சென்னையில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். உடன் வந்தவர் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமண நண்பர், என்னைவிட மூத்தவர். ஒரு வேலையாகச் சென்னை போன இடத்தில், ஜப்பான்காரர்கள் எப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கலாமே என்று அவர்தான் ஆசைப்பட்டார். இருவருக்கும் சேர்த்து 3,640 ரூபாய் ஆனது. எங்கள் ஊரில் 75 கிலோ நெல் மூட்டை ஒன்றுக்கு விவசாயி வாங்கும் பணத்தைவிட அது அதிகம். எழுந்து வரும்போது வயிறு நிறைந்திருந்தது, மனம் நிறையவில்லை. ஏன் நிறையவில்லை என்பதை நேர்மையாக எடைபோட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. உணவகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து ஒரு கடையின் பெயரைக் கெடுப்பது முறையல்ல. அங்கே கண்ட குறைகளோ பல கடைகளுக்கும் பொதுவானவை.

அயல்நாட்டுச் சமையலை மதிப்பிடும்போது இரண்டு தவறுகள் செய்கிறோம். ஒன்று, நம் நாக்கையே தராசாக வைத்துக்கொள்வது. காரம் இல்லை, தாளிப்பு இல்லை, மீன் பச்சையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். அது அந்தச் சமையலின் குறை ஆகாது. நம் பழக்கத்தின் எல்லை அது. மற்றது, இதற்கு நேர் எதிரான தவறு. நமக்குத் தெரியாத உணவு, விலையும் அதிகம், இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொள்வது. முதல் தவறு சமையலுக்குச் செய்யும் அநீதி. இரண்டாவது தவறு மோசமான சமையலுக்குக் கொடுக்கும் அனுமதி. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், அந்தச் சமையல் தனக்குத்தானே வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் எது என்று கேட்டு, அதை வைத்தே அதை அளக்க வேண்டும்.

ஜப்பானியச் சாப்பாட்டின் அளவுகோல் சோறு. ஜப்பானிய மொழியில் 'கோஹான்' என்றால் சோறு. சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். காலைச் சாப்பாடு 'அசாகோஹான்', காலைச் சோறு. 'சோறு ஆச்சா' என்று கேட்டால் சாப்பாடு ஆயிற்றா என்று புரிந்துகொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோறு, ஒரு சூப், மூன்று பதார்த்தங்கள், கொஞ்சம் ஊறுகாய் என்பதுதான் அவர்களுடைய பழைய இலக்கணம். 2013 டிசம்பரில் யுனெஸ்கோ ஜப்பானின் உணவு மரபை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நடுவில் சோறு இருக்க, மற்றவை அதற்குத் துணை நிற்கும் இந்த அடுக்கு அந்த மரபின் முதுகெலும்பு.

சுஷியையே எடுத்துக்கொள்வோம். அதைப் பச்சை மீன் பலகாரம் என்று நினைக்கிறோம். அதன் கதை சோற்றில் தொடங்குகிறது. மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவிட்டுக் காப்பாற்றிய முறையே அதன் மூதாதை. பிவா ஏரிக் கரையில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் வைத்திருக்கும். காலப்போக்கில் புளிக்கவைக்கும் காத்திருப்பைக் குறைத்து, சோற்றில் காடியைக் கலந்து அதே புளிப்பைக் கொண்டுவந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று டோக்கியோ ஆகிவிட்ட எடோ நகரத்தின் தெருக்கடைகளில், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டை வைத்துக் கொடுக்கும் இன்றைய வடிவம் பரவியது. அது பாட்டாளியும் நின்றபடி வாங்கித் தின்ற தீனி. சோற்றுப் புளிப்பின் அருமை நமக்குப் புதிதல்ல. இரவு நீரூற்றி வைத்த பழைய சோற்றில் விடியற்காலை ஊறியிருக்கும் அந்தப் புளிப்பும், ஏரிக்கரை ஜாடியில் ஊறிய புளிப்பும் ஒரே குடும்பத்து நுண்ணுயிர்களின் வேலை. பழையது சாப்பிட்டு வயலுக்குப் போன ஊர்க்காரனுக்குச் சுஷிச் சோறு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. அவன் நாக்கு பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டது.

உறவு அத்தோடு நிற்கவில்லை. 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியின் பெற்றோர்களில் ஒன்று 'தைச்சுங் 65'. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தைவானில், ஜப்பானிய நெல் ரகங்களைக் கலந்து உருவாக்கியது அது. 1965-இல் வந்து தஞ்சை வயல்களில் பரவிய ஆடுதுறை 27-இன் ஒரு பெற்றோர், ஜப்பானின் 'நோரின் 10' நெல். செஞ்சிச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் பொன்னியின் உடலில் ஜப்பானிய நெல்லின் ரத்தம் ஓடுகிறது. அந்த நாட்டுச் சோற்றை முற்றிலும் அந்நியம் என்று ஒதுக்க நமக்குக் காரணமே இல்லை.

இனி அன்றைய தட்டுக்கு வருவோம்.

சுஷி ஒரு நீளமான கருங்கல் தட்டில் வந்தது. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. சோற்றைத் தொட்டதும் சில்லென்றது. வாயில் போட்டுக் கடித்தேன். வெளிப்புறம் கெட்டி, நடுவில் மணி மணியாக விறைப்பு. காடியின் மணம் இல்லை. சர்க்கரையின் இனிப்பு மட்டும் தூக்கலாக நின்றது. நெல் வியாபாரியின் கடிக்கு அந்தச் சோறு தேறவில்லை.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது அரிசியின் குறையா, சமைத்தவரின் குறையா? அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. அமைலோஸ் கூடினால் சோறு உதிரியாகும், குறைந்தால் ஒட்டும். ஜப்பானியக் குட்டை அரிசியில் அது ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு. நம் உதிரிச் சோற்று ரகங்களில் 20-க்கு மேல், பலவற்றில் 25-ஐயும் தாண்டும். அன்று தட்டில் இருந்ததோ குட்டையான, ஒட்டும் அரிசிதான். ஆகவே அரிசியைக் குறை சொல்ல முடியாது.

சுஷிச் சோறு வெந்ததும் சூட்டோடு அகன்ற மரத்தொட்டியில் கொட்டப்படும். காடி, சர்க்கரை, உப்புக் கலவையை ஊற்றி, மணி உடையாதபடி தட்டை அகப்பையால் வெட்டி வெட்டிக் கலப்பார்கள், விசிறுவார்கள். நம் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் பிடித்து உடனே கொடுக்க வேண்டும். கையில் பிடிக்கும்போது நிற்க வேண்டும், வாயில் போட்டதும் உதிர வேண்டும். வெந்த மாவுச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் அது மறுபடி இறுகி விறைத்துவிடும். குளிர்பெட்டியின் சில்லிப்பில்தான் அந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கும். காலையில் பிடித்துக் குளிர்பெட்டியில் அடுக்கி, ஆர்டர் வந்ததும் எடுத்து மீனைப் போர்த்தியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சோறே சாட்சி. எந்த நாட்டிலிருந்து அரிசியை வரவழைத்தாலும் குளிர்பெட்டி அதைக் கெடுத்துவிடும்.

மீனைப் பற்றிச் சொல்லும்போது நிதானம் வேண்டும். சால்மன் உறைநிலையில் வந்தது என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பச்சையாகத் தின்னும் மீனை உறைய வைப்பது ஒட்டுண்ணிகளைக் கொல்லும் பாதுகாப்பு முறை. சால்மனைப் பச்சையாகச் சுஷியில் வைக்கும் வழக்கமே 1980-களில் நார்வே தன் மீனை விற்க ஜப்பானில் முயன்று பரப்பியதுதான். ஆகவே தூரத்து மீன் என்பதும் குற்றமாகாது. அன்று கொடுத்த துண்டின் நடுவில் பனி கரையாமல் பல்லில் நறநறத்தது. முந்தின இரவே எடுத்து மெதுவாக உருகவிட்டிருந்தால் அந்த நறநறப்பு இருந்திருக்காது. வசாபி என்று வைத்த பச்சை உருண்டை, முள்ளங்கி இனத்தைச் சேர்ந்த வேறொரு வேரையும் கடுகையும் நிறமூட்டிச் செய்தது. உலகில் பெரும்பாலான கடைகளில் அதுதான் நிலை. உண்மையான வசாபி, ஓடும் தண்ணீரில் வளரும், கிடைப்பதற்கு அரிய செடி. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நண்பருக்காகக் கேட்ட சைவச் சுருளில் பனீர் இருந்தது. பனீரா, இது ஜப்பானே இல்லையே என்று கோபப்படுவது எளிது. நான் அந்தக் கோபத்தோடு உடன்படவில்லை. டெம்புராவே 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுபோன பொரிப்பு முறை. ஜப்பானியர் வீட்டுக்கு வீடு சமைக்கும் 'கரே' என்கிற குழம்பு, பிரிட்டிஷார் வழியாகப் போன நம் குழம்பு. கடன் வாங்கியே வளர்ந்த சமையல், கடன் கொடுப்பதைக் குற்றம் என்று சொல்லாது. கேட்க வேண்டியது வேறு: மாற்றாக வைத்த பொருள், மூலப்பொருள் செய்த வேலையைச் செய்கிறதா? மீனின் கொழுப்பு நாக்கில் கரைந்து, புளித்த சோற்றோடு சேரும். குளிர்ந்த, உப்பில்லாத பனீர் ரப்பர் போல் தனியாக நின்றது. ஜப்பானியச் சமையலுக்குள்ளேயே சைவத்துக்கு நல்ல விடைகள் இருக்கின்றன. 'கான்ப்யோ' என்று ஒன்று உண்டு. சுரைக்காயை நீள நாடாவாகச் சீவி, வெயிலில் காயவைத்து, பிறகு இனிப்பும் உப்புமாக வேகவைத்துச் சோற்றில் சுற்றுவார்கள். சுரைக்காயும், வற்றல் போடும் வெயிலும் விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் கொல்லையிலும் கிடைக்கும். உள்ளே இருக்கும் விடையைத் தேடாமல், வெளியே எளிதாகக் கிடைத்ததைத் திணித்தார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

டெம்புரா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் தின்ன வேண்டிய பொருள் அது. எங்கள் பேருந்து நிலையத்துக்கு அருகில் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறவருக்கு இது தெரியும். ஆள் நின்றால்தான் வாணலியில் போடுவார். எங்கள் மேசைக்கு வந்த டெம்புரா ஈரம் கோத்துத் தளர்ந்து கிடந்தது.

ஒரு பதார்த்தம் மட்டும் மனதை நிறைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு ஒருதலையானதாகிவிடும். கானாங்கெளுத்தியை உப்புத் தடவித் தணலில் சுட்டுக் கொடுத்திருந்தார்கள், பக்கத்தில் துருவிய முள்ளங்கி. தோல் மொறுமொறுப்பு, உள்ளே சாறு வற்றாத சதை. ஜப்பானியர் வீடுகளில் அன்றாடம் தின்னும் பதார்த்தம் இது. கேட்டதற்கு, மீன் காசிமேட்டிலிருந்து வந்தது என்றார் பரிமாறிய தம்பி. நம் கடல் மீன், உப்பு, நெருப்பு, சரியான நேரம். விமானத்தில் வந்த சால்மன் தராத நிறைவை அது தந்தது. நல்ல ஜப்பானியச் சாப்பாட்டைச் சென்னையில் தர முடியும் என்பதற்கு அந்தக் கடையே அந்தத் தட்டில் சான்று வைத்துவிட்டது.

கடைசியாக மிசோ சூப். இந்த வரிசையில் அதுதான் முதலில் வந்தது. நான்தான் சொல்லத் தயங்கிக் கடைசிக்குத் தள்ளினேன்.

பட்டியலில் அந்தச் சூப்புக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. நண்பர் இரண்டு வாய் குடித்திருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஜப்பானியச் சூப்பின் அடிநீர், 'தாஷி', பெரும்பாலும் இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று 'கொம்பு' என்னும் கடற்பாசி. 1908-இல் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர் உமாமிச் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைக் கண்டறிந்தது அதில்தான். மற்றது காயவைத்துப் புகையூட்டிச் சீவிய சூரை மீன். நம் மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு.

"தம்பி, இந்தச் சூப்புக்கு அடியில என்ன போடறீங்க?"

"வெஜ்தான் சார். டோஃபு, கீரை, வெங்காயத்தாள்."

"தண்ணியில கலக்கற பொடி இருக்குமே, அதுல என்ன இருக்குன்னு உள்ள கொஞ்சம் கேட்டுட்டு வாங்களேன்."

போனவர் திரும்பி வர நேரமாயிற்று. "ரெடிமேட் பொடி சார். பாக்கெட்ல மீன்னு போட்டிருக்கு. எங்களுக்கே இப்பத்தான் சார் தெரியும்."

நண்பர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். ஜினகாஞ்சி மடம் இருக்கும் மேல்சித்தாமூரைச் சுற்றிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் குடும்பங்களில் ஒன்று அவருடையது. எறும்பின் உயிரையும் கருதி நடப்பவர். கோபப்படவில்லை. "விடுங்க, தெரியாம நடந்தது. அந்தத் தம்பியைத் திட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அவர் வெறும் பச்சைத் தேநீர் தவிர வேறெதையும் தொடவில்லை.

இதையும் ஜப்பானிய அளவுகோலாலேயே அளப்போம். ஜப்பானில் பௌத்த மடாலயங்களின் சமையல் ஒன்று உண்டு. 'ஷோஜின்' என்பார்கள். உயிர்க்கொலை தவிர்த்த சமையல். அதில் தாஷியைக் கடற்பாசியாலும் காய்ந்த ஷிடாகே காளானாலும் எடுப்பார்கள். நூற்றாண்டுகளாக இருக்கும் வழி. ஒரு பாக்கெட் காளானும் ஒரு துண்டுக் கடற்பாசியும் போதும். பச்சைப் புள்ளி வைத்தவர்கள் அந்தப் பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருந்தாலே போதும்.

உணவகத்தின் தரப்பில் மூன்று வாதங்கள் சொல்லலாம். மூன்றுக்கும் காது கொடுக்க வேண்டும். பொருள்கள் கடல் தாண்டி வருகின்றன, விலை ஏறுகிறது. வாடிக்கையாளர்கள் மயோனைசும் காரமும் கேட்கிறார்கள். ஜப்பானியச் சமையல் கற்ற கைகள் இங்கே குறைவு. முதல் வாதம் உண்மை. ஆகவேதான் வசாபியையும் சால்மனையும் நான் குறையாக எண்ணவில்லை. இரண்டாவது வாதம் பனீர் இருப்பதற்குக் காரணம் சொல்லும், அது குளிர்ந்து விறைத்திருந்ததற்குச் சொல்லாது. மூன்றாவது வாதம் பத்தாண்டுப் பயிற்சி வேண்டிய கத்தி வேலைக்குப் பொருந்தும். சோற்றைக் குளிர்பெட்டியில் வைக்காதே என்பதைக் கற்க ஒரு நாள் போதும்.

தூரம் ஒரு சமையலைக் கொன்றுவிடும் என்பதற்கு மறுப்பு ஜப்பானிலேயே இருக்கிறது. ஆங்கில அரசின் பிடியிலிருந்து தப்பி 1915-இல் ஜப்பான் போன இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிகாரி போஸ், டோக்கியோவின் ஷிஞ்சுக்குவில் நகமுராயா என்ற கடையை நடத்திய குடும்பத்தின் மருமகனானார். அங்கே பரவியிருந்த, மாவு கரைத்த பிரிட்டிஷ் பாணிக் குழம்பு இந்தியக் குழம்பே இல்லை என்பது அவர் மனக்குறை. 1927-இல் அந்தக் கடை உணவகம் திறந்தபோது, அவர் சொன்ன முறையில் மசாலாவும் எலும்போடு கோழியும் சேர்ந்த இந்தியக் குழம்பு பட்டியலில் ஏறியது. விலை மற்றக் கடைகளைவிடப் பல மடங்கு. இருந்தும் மக்கள் வாங்கினார்கள். இன்றும் அது விற்கிறது. அயல்மண்ணில் அதிக விலை வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அந்த விலைக்கு ஈடாக, தன் நாட்டுச் சமையலின் மானத்தைக் காப்பாற்றும் கடமையும் உண்டு.

என் தராசில் குறைகள் மூன்று தட்டுகளாகப் பிரிகின்றன. தூரம் தந்த குறைகள் முதல் தட்டில்: வசாபி, மீன் வகைகளின் போதாமை, விலை. இவற்றை மன்னிக்கிறேன். கவனக்குறைவு தந்த குறைகள் இரண்டாவது தட்டில்: விறைத்த சோறு, உருகாத மீன், தளர்ந்த டெம்புரா. இவற்றை மன்னிக்க முடியவில்லை. திருத்தச் செலவே ஆகாது. மூன்றாவது தட்டில் ஒன்றே ஒன்று: சைவம் என்று எழுதி மீனைக் கொடுத்தது. மற்றவை சுவையின் கணக்கில் தீரும். இது நம்பிக்கையின் கணக்கு. அறியாமல் நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறர் வாய்க்குள் போகும் பொருளை விற்கிறவருக்கு அறியாமை சாக்காக முடியாது.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது, கனத்த சுவர்களும் வளைகூரையுமாக. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. கோட்டை கட்டியவர்கள் மதிலுக்குக் கொடுத்த அதே கவனத்தை நெல்லுக்கும் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபிறகு வெளிநாட்டுப் பயணிகள் இன்னும் கூடுதலாக வருவார்கள். அவர்களில் ஜப்பானியரும் இருப்பார்கள். அவர்கள் தட்டில் நாம் வைக்கும் சோற்றையும் அவர்கள் இதே தராசில்தான் நிறுப்பார்கள்.

என் தீர்ப்பு இது: அந்த உணவகம் நம் நாக்குக்குப் பொருந்தாததால் தோற்கவில்லை. ஜப்பானிய அளவுகோலிலேயே தோற்றது, சோற்றில் ஒருமுறையும் சொல்லில் ஒருமுறையும். சுட்ட கானாங்கெளுத்திக்காக மட்டும் ஒருவர் அங்கே போகலாம். சுஷிக்கோ டெம்புராவுக்கோ போக வேண்டாம். சைவ உணவுக்காரர்கள், அந்தச் சூப்பை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை அவர்கள் எழுதி வைக்கும்வரை, போகவே வேண்டாம். எந்த ஜப்பானிய உணவகத்துக்குப் போனாலும் உட்கார்ந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: சோறு எப்போது வடித்தது? சூப்புக்கு அடிநீர் எது? தயங்காமல் பதில் வந்தால் சாப்பிடுங்கள்.